முன் பிரேக்கைத் தொடலாமா?

கேள்வி: முடோனிலிருந்து மோல்மேனுக்கு நாள்தோறும் 125 சி.சி. வண்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். கிளட்ச் லீவர் இல்லாத வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பா, ‘முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புறத் தூக்கி எறிந்துவிடும்’ என்று சொல்லியே பழக்கினார். ஏழு ஆண்டுகளாகப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்து ஓட்டிவந்தேன். முதல் மழை பெய்த ஒரு மாலையில், ரப்பர் தோட்டம் தாண்டியதும் குறுக்கே நாய் ஒன்று ஓடிவர, முழு பலத்தோடு மிதித்தேன். பின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, நானும் வண்டியும் சாலையில் உரசிக்கொண்டே போனோம். முழங்கையிலும் முழங்காலிலும் காயம். முன் பிரேக்கையும் பிடித்திருக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். பிடித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்கிறார் அப்பா. எது சரி? தங்கைக்கு ஸ்கூட்டர் வாங்கித் தர எண்ணியிருக்கிறோம். அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, காயத்தோடு தப்பித்தீர்கள் என்பதை அறிந்து ஆறுதல் அடைந்தேன். பர்மாவில் ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை; ஆனால் மோல்மேன், பெகு, மண்டலே வட்டாரங்களில் வாழும் நம் மக்களுக்கு அது இல்லாமல் ஒரு நாளும் நகராது. அப்படியிருந்தும், வண்டியை நகர்த்தக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு. ஆகவே உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி. மோட்டார் சைக்கிளை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவின் அச்சம் காரணமில்லாத அச்சம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் கண்ட விபத்துகள் முன் பிரேக்கைப் பிடித்ததால் நிகழ்ந்தவை அல்ல, அதை வெடுக்கென்று பறித்ததால் நிகழ்ந்தவை என்பதே என் கருத்து. பிடிப்பதும் பறிப்பதும் ஒரே லீவரில், ஒரே கையால் செய்யப்படுவதால் இரண்டும் ஒன்றாகவே தோன்றிவிடுகின்றன. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் உங்கள் வீட்டு விவாதம் தானாகவே தீர்ந்துவிடும்.

ஓடும் வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. நிறைய ஆட்களோடு ஓடும் பேருந்து திடீரென்று நிற்கையில் நிற்பவர்கள் எல்லாரும் முன்பக்கம் சரிவதைப் போன்றதுதான் இது. நீங்களும் உங்கள் வண்டியும் சேர்ந்து 170 கிலோ என்று கொள்வோம். ஓடாமல் நிற்கும்போது ஏறக்குறைய பாதிப்பாதியாக, சக்கரத்துக்கு 85 கிலோ இறங்குகிறது. இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஒன்றேகால் மீட்டர், பாரத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்கிட்டால், உலர்ந்த தார்ச்சாலையில் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது ஏறத்தாழ 57 கிலோ பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. அதாவது முன் சக்கரத்தின் மேல் 142 கிலோ அழுத்துகிறது; பின் சக்கரத்தில் வெறும் 28 கிலோதான் மிஞ்சுகிறது. டயர் தரையில் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவுக்குத்தான் அதன் பிடிப்பும் இருக்கும். எனவே பின் பிரேக்கை எவ்வளவு வலுவாக மிதித்தாலும், 28 கிலோ அழுந்தும் டயரால் சாலையைப் பற்றிக்கொள்ள இயலாது. அது சுழல்வதை நிறுத்திக்கொண்டு வழுக்கத் தொடங்கிவிடும். நீங்கள் பின் பிரேக்கை மட்டுமே மிதித்ததால் இவ்வளவு பாரம் மாறியிருக்காது; ஆனாலும் ஈரச்சாலையில் உங்களுக்கு நேர்ந்தது இதே வகை வழுக்கல்தான்.

இதே கணக்கைத் தூரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த சாலையில், இரு பிரேக்குகளையும் நன்றாகப் பயன்படுத்துபவரின் வண்டி ஏறக்குறைய 9 மீட்டரில் நின்றுவிடக்கூடும். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு 24 மீட்டர் வேண்டும். முன்னவர் நின்றுவிட்ட இடத்தைப் பின்னவர் இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கடந்துகொண்டிருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு குழந்தையோ மாட்டுவண்டியோ இருந்தால், ஒருவர் தப்பிக்கிறார், மற்றவர் நேராகப் போய் மோதுகிறார். இது தாளில் போட்ட கணக்கு, உங்கள் டயரும் சாலையும் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் இரண்டு மடங்குக்கும் மேலான அந்த வேறுபாடு மாறாது. ஆபத்தைக் கண்ட கண்ணிலிருந்து கைக்கும் காலுக்கும் செய்தி போய்ச்சேர ஆகும் ஒரு நொடியில் வண்டி இன்னொரு 11 மீட்டர் ஓடிவிடுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவறு உங்களுடையது மட்டுமல்ல. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். பெரும்பாலான ஓட்டிகள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டதையும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தாததையும் அவர்கள் பதிவு செய்தனர். விபத்தைத் தவிர்க்க ஓட்டிக்குக் கிடைக்கும் நேரம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு என்பதும் அதில் உண்டு. அந்த இரண்டு நொடியில் யாரும் யோசித்து முடிவெடுக்க முடியாது. கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். ஆகவேதான் ‘ஆபத்து வந்தால் மட்டும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறேன்’ என்ற எண்ணத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. ஒவ்வொரு சாதாரண நிறுத்தத்திலும் பிடித்துப் பழகாத கை, ஆபத்து நேரத்தில் அதைப் பறிக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் அப்பாவின் அச்சத்துக்கு வருகிறேன். எனக்கு இருபது வயதிருக்கும்போது, செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் ஒரு வளைவில், எதிரே வந்த தொன்பெயின் என்னும் மூன்று சக்கர வண்டியைக் கண்டு பதறி முன் பிரேக்கை முழுக் கையாலும் பறித்தேன். முன் சக்கரம் அந்தக் கணமே சுழற்சியை நிறுத்தியது. கீழே விழுந்ததைக்கூட நான் உணரவில்லை, விழுந்துகிடப்பதைத்தான் உணர்ந்தேன். வலக்கைத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதன் பிறகு ஓராண்டு நானும் அந்த லீவரைத் தொடவில்லை. பணிமனையில் பெரியவர் ஒருவர் காரணத்தைப் பொறுமையாக விளக்கிய பிறகுதான், நான் வண்டி சாய்ந்திருக்கும்போது பிடித்தேன், மண் மேல் பிடித்தேன், பாரம் முன்னால் வருவதற்கு முன்பே முழு பலத்தையும் கொடுத்தேன் என்று மூன்று தவறுகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பிரேக்கின் மேல் பழிபோட எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அப்போது விளங்கியது. உங்கள் அப்பா ஓட்டத் தொடங்கிய காலத்தில் பாதைகள் பெரும்பாலும் மண்ணும் சரளையுமாகவே இருந்திருக்கும். அந்தப் பாதைக்கு அந்த அறிவுரை ஓரளவு பொருந்தவும் செய்திருக்கும். அவரிடம் பேசும்போது இதை முதலில் ஒப்புக்கொண்டு பேசுங்கள்.

சரியான முறை என்னவென்றால், முன் பிரேக்கை இரண்டு கட்டமாகப் பிடிப்பது. முதலில் ஆக்சிலேட்டரை முழுவதுமாக விட்டுவிட்டு, பின் பிரேக்கை மென்மையாக மிதித்துக்கொண்டே, முன் லீவரில் உள்ள வெற்று அசைவு தீர்ந்து பேடு டிஸ்க்கைத் தொடும் வரை மட்டும் இழுக்க வேண்டும். வண்டியின் மூக்கு சற்றுக் கீழே அமுங்குவதை உள்ளங்கையில் உணர்வீர்கள். பாரம் முன் சக்கரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வந்த பிறகுதான், ஈரத்துணியைப் பிழிவதுபோல, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்கெல்லாம் நெடுநேரம் ஆகும் என்று எண்ண வேண்டாம். பழகிய கைக்கு அரை நொடிகூட ஆகாது. பாரம் வருவதற்கு முன் முழு பலத்தைக் கொடுத்தால் டயர் வழுக்கும். வந்த பிறகு கொடுத்தால் அதே டயர் அதே பலத்தைத் தாங்கிக்கொள்ளும். முன் பாரம் கூடக்கூடப் பின் சக்கரம் லேசாகிவிடும் ஆதலால், பின் மிதியில் இருக்கும் காலைச் சற்றே தளர்த்த வேண்டும். வண்டி நிற்கப்போகும் கடைசி மீட்டரில் முன் லீவரையும் மெல்லத் தளர்த்தினால் குலுங்காமல் நிற்கும்.

உடலும் இதில் பங்குகொள்ள வேண்டும். கைகளை விறைப்பாக நீட்டி ஹேண்டிலின் மேல் சாய்ந்தால், உங்கள் எடை முழுவதும் ஹேண்டிலில் இறங்கி அதைத் திருப்பிவிடும். உங்கள் வண்டியில் தொடைகளால் இறுக்கிக்கொள்ள முன்னால் பெட்ரோல் டாங்கி கிடையாது. ஆகவே இரு பாதங்களையும் ஊன்றி, முழங்கால்களை உள்நோக்கி நெருக்கி, இடுப்பால் எடையைத் தாங்குங்கள். பார்வை முன் சக்கரத்தில் விழாமல் தொலைவில், நீங்கள் போய்ச்சேர வேண்டிய இடத்தில் இருக்கட்டும். கண் போகும் பக்கம் வண்டி போகும். நாயையே பார்த்துக்கொண்டிருந்தால் நாயின் மேலேயே போய் ஏறுவோம்.

உங்கள் விபத்து மழையில் நிகழ்ந்தது என்பதால் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதத்தின் நடுவில் மழை தொடங்கிவிட்டால் அக்டோபர் வரை நமக்கு ஈரச்சாலைதான். அதிலும் முதல் மழையே மிகக் கொடியது. கோடை முழுதும் லாரிகளும் பேருந்துகளும் சிந்திய எண்ணெயும் படிந்த தூசியும் நீரோடு குழைந்து சாலையின் மேல் ஒரு மெல்லிய படலமாகிவிடுகின்றன. நல்ல மழை தொடர்ந்து பெய்து அது கழுவப்பட்ட பிறகு சாலை ஓரளவு தேறும். ஈரத்தில் டயரின் பிடிப்பு குறைவதால், மேலே சொன்ன அதே கணக்கில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, இரு பிரேக்குக்கும் 14 மீட்டரும் பின் பிரேக்குக்கு மட்டும் 34 மீட்டரும் ஆகிவிடும். அப்போதும் முன் பிரேக்கே பெரும்பங்கு ஆற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் மெதுவாகத்தான் நிற்க முடியும் என்பதால் பாரமும் குறைவாகவே முன்னால் சாய்கிறது. பின் சக்கரத்துக்கு உலர்ந்த சாலையைவிடச் சற்று அதிக வேலை கிடைக்கிறது. எனவே ஈரத்தில் இரண்டையும் இன்னும் மென்மையாக, இன்னும் முன்கூட்டியே, இன்னும் நீண்ட தூரத்துக்குப் பரப்பிப் பிடிக்க வேண்டும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை மழையில் இரட்டிப்பாக்குங்கள்.

சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? முன் சக்கரம் என்றால் லீவரை அந்தக் கணமே விட்டுவிட்டு, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் வழுக்கி, வண்டி இன்னும் நேராக இருக்குமானால் மிதியைத் தளர்த்தி மீண்டும் மிதிக்கலாம். ஆனால் பின்பகுதி பக்கவாட்டில் நன்றாக விலகிவிட்ட பிறகு மிதியைத் திடீரென்று விடக் கூடாது. டயர் பிடிப்பைத் திரும்பப் பெற்றதும் வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து ஓட்டியை மறுபக்கம் தூக்கி எறியும். அந்த வீழ்ச்சி நீங்கள் விழுந்ததைவிடப் பன்மடங்கு கொடியது. அந்நிலையில் மிதியை அப்படியே வைத்து, ஹேண்டிலை வழுக்கும் திசைக்குத் திருப்பி, நிற்கும் வரை தாங்குவதே நல்லது. இன்னொன்று: வேகம் குறையாமல் கியரை மட்டும் சடசடவென்று கீழே மிதித்தாலும் பின் சக்கரம் இதேபோல் வழுக்கும். பிரேக்கால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கியராக இறக்குங்கள்.

வளைவுக்குள் சாய்ந்திருக்கும் டயர், திரும்புவதற்கே தன் பிடிப்பில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. பிரேக்குக்குக் கொடுக்க அதனிடம் மிச்சம் கொஞ்சம்தான். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், இடமிருக்குமானால் முதலில் வண்டியை நிமிர்த்திவிட்டுப் பிறகு பலமாகப் பிடியுங்கள். தன்ல்வின் பாலத்தின் இரும்பு இணைப்புகள், ரயில் பாதைக் கடப்புகள், தோட்டத்து லாரிகள் இழுத்துவந்து போடும் செம்மண், சாலையோரம் காயப்போட்ட நெல், இவற்றின் மேல் பிரேக்கைப் பிடிக்காமல், அவற்றுக்கு முன்னதாகவே குறைத்து நேராகக் கடந்துவிட வேண்டும். திங்ஜான் நீர்த்திருவிழா நாட்களில் முகத்தில் தண்ணீர் விழுந்ததும் கை தானாகவே லீவரைப் பறிக்கும். அந்த நாட்களில் ஊருக்குள் நடைவேகத்தில் போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. 1970 முதல் இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ஓடும் கார்களில் மிகப் பல ஜப்பானிலிருந்து வந்தவை. ஓட்டுநரின் இருக்கையும் வலப்பக்கமே இருக்கும். முன்னால் செல்லும் லாரியை முந்த நினைக்கும் அந்த ஓட்டுநருக்கு எதிர்ச்சாலை தெரியாது. பார்ப்பதற்காகவே காரின் பாதி உடம்பை உங்கள் பாதைக்குள் நீட்டுவார். எதிரே லாரி வரும்போதெல்லாம் அதன் பின்னால் ஒரு கார் இருப்பதாகவே எண்ணி, ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரல்களை முன் லீவரின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். விரல் தயாராக இருப்பதால் அரை நொடி மிச்சமானால், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தரை மீட்டர் மிச்சமாகிறது.

பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்தின் பாரம் கூடும். பின் பிரேக்கும் அதற்கேற்பக் கூடுதலாக உதவும். ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் கூடுவதால், இரண்டையும் முன்னதாகவே தொடங்க வேண்டும். அம்மாவோ தங்கையோ ஒரு பக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்தால் திடீர் நிறுத்தத்தில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இருபுறமும் கால்போட்டு உட்காரச் சொல்லுங்கள். லுங்கியின் தொங்கலும் ரப்பர் செருப்பும் பின் மிதியில் சிக்கிக்கொண்டதால் பிரேக் போட முடியாமல் விழுந்தவர்களின் வண்டிகளை நான் பழுது பார்த்திருக்கிறேன். குதிகாலை இறுகப் பிடிக்கும் செருப்பாவது அணியுங்கள்.

விழுந்த வண்டியை மறுபடி ஓட்டுவதற்கு முன், முன் லீவர் வளைந்திருக்கிறதா, டிஸ்க் சுழலும்போது ஒரு பக்கம் உரசுகிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பணிமனையில் காட்டுங்கள். ஏழு ஆண்டுகளாகத் தொடாத முன் பிரேக் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதை நீங்கள் ஒருமுறைகூட மாற்றியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். லீவர் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. பின் டிரம்மில், மிதியை அழுத்தும்போது அதன் அம்புக்குறி குறியீட்டைத் தொட்டுவிட்டால் உள்ளிருக்கும் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. வெள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு டிரம் பிரேக் பிடிக்காது. சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, லேசாக மிதித்துக்கொண்டே போனால் சூட்டில் உலர்ந்துவிடும். டயரின் கோடுகள் மறைந்திருந்தால், நான் மேலே எழுதிய எந்த முறையும் மழையில் உங்களைக் காப்பாற்றாது. செலவைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பயிற்சிக்கு, வண்டி நடமாட்டம் இல்லாத, சமமான, உலர்ந்த தார்ச்சாலை ஒன்றைக் காலை வேளையில் தேர்ந்துகொள்ளுங்கள். தலைக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, நேராக ஓட்டி, முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன் பிரேக்கை மட்டும் மிக மென்மையாகப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். ஏழு ஆண்டு அச்சம் அங்கேயே பாதி தீர்ந்துவிடும். பிறகு இரண்டையும் சேர்த்து, கை அமைதியாகச் செய்யத் தொடங்கிய பிறகே 30-க்கும், பல நாள் கழித்து 40-க்கும் போங்கள். பிரேக் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லும், நிற்கும் இடத்தில் ஒரு கல்லும் வைத்து, பின் பிரேக்கை மட்டும் வழுக்காத அளவுக்கு மிதித்து நின்ற தூரத்தையும், இரண்டையும் பிடித்து நின்ற தூரத்தையும் அடியால் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை எடுக்கும் வேலையை உங்கள் அப்பாவிடமே கொடுங்கள். நான் எழுதியதை அவர் நம்பத் தேவையில்லை. தாம் அளந்ததை நம்புவார்.

தங்கையின் ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்கூட்டரில் கால் மிதி கிடையாது. இடக்கை லீவர் பின் பிரேக், வலக்கை லீவர் முன் பிரேக். இடக்கை லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து இயங்குமாறு அமைந்த வண்டிகளும் கிடைக்கின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி உங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரலில் 125 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு இவ்விரண்டில் ஒன்று கட்டாயம் ஆக்கப்பட்டது. எதை வாங்கினாலும், முதல் நாளே இரு கைகளாலும் சேர்த்து மென்மையாகப் பிடித்து நிறுத்தப் பழக்குங்கள். ‘வலக்கையைத் தொடாதே’ என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். நீங்கள் அவளுடைய ஸ்கூட்டரை எடுக்க நேரும் நாளில், உங்கள் வலக்கால் இல்லாத மிதியைத் தேடும். ஆகவே புறப்படுமுன் நின்ற இடத்திலேயே இரு லீவர்களையும் பத்து முறை பிடித்துவிட்டு, தெரு முனை வரை மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே பெரிய சாலையில் ஏறுங்கள்.